பறக்காத பறவையும் பறந்த பணமும்

(திண்டுக்கல் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

கோழி அறிவோம்; வான்கோழி அறிவோம்; சிறுமலை அடிவாரத்தில் அகவும் மயிலும் அறிவோம். ஆனால், ஆளுயரப் பறவையொன்று, சிறகிருந்தும் பறவாதது, ஆஸ்திரேலிய மண்ணிலே பிறந்தது, நம் தமிழ்நாட்டு உழவனின் தோட்டத்திலே கம்பிவேலிக்குள் உலவிற்றே, நினைவிருக்கிறதா? ஈமு!

பெருந்துறையிலே சுசி ஈமு பார்ம்ஸ் என்றொரு நிறுவனம். ஒன்றரை இலட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீனி, கொட்டகை, திங்கள்தோறும் பராமரிப்புக்கு 6,000 ரூபாய், ஆண்டுக்கொரு போனஸ் 20,000 ரூபாய் என்றனர். இடமில்லையா? கவலை வேண்டா, பணம் மட்டும் போதும், பறவையை நாங்களே வளர்ப்போம், மாதம் 7,000 வீடு தேடி வரும் என்றனர்! வெள்ளித்திரை வீரர்கள் விளம்பரத்திலே வந்து புன்னகை பூத்தனர்.

கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் 7,000 என்றால் ஆண்டுக்கு 84,000. போனசும் சேர்ந்தால் 1,04,000. போட்ட முதலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஒரே ஆண்டில்! எந்த வங்கி தரும் இதை? எந்த வயல் தரும்?

எங்கிருந்து வந்தது அந்தப் பணம்? கறி விற்றா? திண்டுக்கல் பிரியாணியின் புகழ் திக்கெட்டும் பரவியிருக்கிறது. அந்த அண்டாவிலே ஈமு வெந்து எவரேனும் கண்டதுண்டா? வாங்குவோர் இல்லை, தோழர்களே! முட்டை பொரித்துக் குஞ்சானால், அக்குஞ்சை வாங்க வேண்டியவன் அடுத்த உழவன். அவன் கட்டிய ஒன்றரை இலட்சத்திலிருந்துதான் முன்னவனுக்கு மாதப் படி. அடுத்தவன் வருகிற வரையில் ஆட்டம் நடக்கும். வராத மாதம் அடங்கும். இதே பறவையை வைத்து இதே ஆட்டம் 1990களில் அமெரிக்காவிலும் நடந்து, விலை விழுந்தபின் தீனி போட மாட்டாமல் பறவைகளை அவிழ்த்துவிட்டனர். அச்செய்தி நம் உழவன் செவிக்கு எட்டவில்லை. எட்டச் செய்வது யார் பொறுப்பு?

2012 ஆகஸ்டில் பெருந்துறை அலுவலகம் மூடப்பட்டது. பூட்டுக்குப் பேர்போன ஊர் நமது; அங்கே தொங்கியது நம்மூர்ப் பூட்டோ என்னவோ! போலீஸ் நிலையத்திலே புகார்கள் குவிந்தன. தீனியின்றிப் பறவைகள் மாண்டன. அரசே தீவனம் அளக்க நேர்ந்தது.

பேராசைக்காரன் பட்டான் என்று எள்ளி நகையாடுவோர் உளர். அவர்களை ஒன்று கேட்பேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு விடியுமுன் தக்காளி கொண்டு வருகிறானே வேடசந்தூர்க்காரன், இன்று என்ன விலை என்று அவனுக்குத் தெரியுமா? ஏற்றிவந்த வண்டி வாடகைக்குக் கட்டாமல் வழியிலே கொட்டிவிட்டுப் போன நாட்கள் எத்தனை! மழை பொய்த்த சமவெளியிலே, மாதம் பிறந்தால் இன்ன தொகை என்று அவனிடம் உறுதி சொன்னவர் எவர்? அரசா? வங்கியா? வாணிகரா? சொன்னவன் ஈமுக்காரன் ஒருவனே. அரசு ஊழியனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் உரிய அந்த மாதச் சம்பளத்தை விரும்பியதா பேராசை?

முதலீட்டாளரைக் காக்க 1997ஆம் ஆண்டே சட்டம் உண்டு. அதன்கீழ் கோவைத் தனிநீதிமன்றம் விசாரித்தது. நிறுவனருக்குப் பத்தாண்டுச் சிறை என்று தீர்ப்பும் வந்தது. அடகு வைத்த தாலி, விற்ற நிலம் இரண்டும் அந்தத் தீர்ப்போடு திரும்பி வந்தனவா என்பதை, கட்டியவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நீங்களே கேளுங்கள்.