ஆற்றைச் சாட்சி வைத்த வாக்கு



கி.பி. 239இல் சீனத்தின் வேய் அரசில் ஒரு சிறுவன் அரியணை ஏறினான். அவன் பெயரால் ஆட்சி நடத்தும் பொறுப்பை இருவரிடம் விட்டுவிட்டு முந்தைய மன்னர் மறைந்திருந்தார். ஒருவர் அரச குலத்தவரான சாவ் ஷுவாங். மற்றவர் சிமா யீ, பல போர் கண்ட தளபதி. சாவ் ஷுவாங் அந்த முதியவருக்குப் பேராசான் என்ற பெரிய பதவியைக் கொடுத்து, அதிகாரத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சிமா யீ எதிர்த்துப் பேசவில்லை. நோய் என்று சொல்லி வீட்டில் முடங்கினார். வேவு பார்க்க வந்தவர் முன் கஞ்சியை மார்பில் வழியவிட்டார். ஊர்ப் பெயரைத் தவறாகக் கேட்டதுபோல் நடித்தார். எதிர்த்தரப்பு நம்பிவிட்டது.

249ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சாவ் ஷுவாங் இளம் மன்னரோடு, மறைந்த மன்னரின் கல்லறைக்கு வழிபடச் சென்றார். அன்றே எழுபது வயது சிமா யீ எழுந்து வந்தார். தலைநகர் லுவோயாங்கின் வாயில்கள் மூடப்பட்டன. ஆயுதக் கிடங்கு அவர் வசமானது. லுவோ ஆற்றின் மிதவைப் பாலத்தில் படை நின்றது.

இதைச் சாமர்த்தியம் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்குப் பின் நடந்ததற்கு அந்தப் பெயரைத் தர எனக்கு மனம் வரவில்லை. மன்னர் இன்னும் சாவ் ஷுவாங்கிடம்தான் இருந்தார். மன்னரோடு சூசாங் நகருக்குப் போய்ப் படை திரட்டுங்கள் என்று ஹுவான் ஃபான் என்ற அமைச்சர் மன்றாடினார். பதவியை விட்டால் போதும் என்று, லுவோ ஆற்றைச் சாட்சி வைத்து வாக்குச் சொல்லி அனுப்பினார் சிமா யீ. மூத்த அமைச்சர் ஜியாங் ஜீயும் அதையே கடிதமாக எழுதினார். சாவ் ஷுவாங் இரவெல்லாம் தவித்துவிட்டுப் பணிந்தார். சில நாட்களில் அவரும் கூட்டாளிகளும் குலத்தோடு அழிக்கப்பட்டார்கள்.

சிமா யீயின் பேரன் 266இல் மன்னரானார். பிற்காலத்தில் அதே வம்சத்து மன்னர் மிங், முன்னோர் நாட்டைப் பிடித்த கதையைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டார் என்கிறது வரலாறு.

நான் பேச வந்தது ஜியாங் ஜீயைப் பற்றி. ஆட்சி மாறியதும் அவருக்குப் பரிசாக உயர்ந்த பட்டம் வந்தது. வேண்டாம் என்றார், விடவில்லை. அதே ஆண்டில் இறந்தார். தம் சொல் பொய்த்த வேதனையே நோயானது என்று ஒரு குறிப்பு உண்டு. அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. காப்பாற்றும் வலு தம்மிடம் இல்லாத ஒரு வாக்குக்கு அவர் தம் பெயரைக் கொடுத்தார்.

பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களில் படை நடத்தப்போகிறவர்கள் மிகச் சிலர். ஜியாங் ஜீயின் இடத்தில் பலர் நிற்பீர்கள். கட்டடம் உறுதி, கணக்கு சரி, மருந்து ஆபத்தற்றது என்று கையெழுத்துக் கேட்பார்கள். கேட்பவர் உங்களைவிடப் பெரியவராக இருப்பார். நம்பப்போகிறவர் உங்கள் பெயரை மட்டுமே பார்ப்பார். அந்தக் காகிதம் மேசைக்கு வரும்போது, இதை என்னால் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், எழுத மறுத்துவிடுங்கள். அந்தத் துணிவு உங்களுக்கு இருக்கிறது என்று நம்பியே வாழ்த்துகிறேன்.