அடையாற்றில் ஒரு துப்பறிதல்



அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் தோட்டத்தை அடுத்து, மீனவர் வாழும் ஊரூர் ஒல்காட் குப்பம் அமைந்துள்ளது. இப்பெயரில் ஒரு பாதி பழந்தமிழ் ஊர். மறு பாதி ஓர் அமெரிக்கர். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்காகக் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட் 1894ஆம் ஆண்டில் ஊரூரில் இலவசப் பள்ளி திறந்ததை இப்பகுதியினர் அறிவர். அவர் ஒரு துப்பறிவாளர் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, படைக்குப் பொருள் வழங்கிய ஒப்பந்தக்காரர்களின் மோசடிகளைக் கண்டுபிடிக்கும் சிறப்பு ஆணையராக இருந்தவர் அவர். 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டபோது அதன் விசாரணையிலும் பங்கு கொண்டார். கள்ளக் கணக்கையும் பொய்ச் சாட்சியத்தையும் பிரித்தறிவதே அந்நாளில் அவருடைய தொழில்.

துப்பறியும் புதினம் வரலாற்றிடம் கடன்பட்ட இலக்கியம். வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாளின் கொள்ளையில் தொடங்குகிறது. சென்னையின் படை ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் நடந்து சென்ற போர் அது. அப்புதினத்தின் நடுவிலும் ஒரு மெய் வழக்கு இருக்கிறது. 1860இல் இங்கிலாந்தின் ரோடு என்னும் சிற்றூரில் ஒரு குழந்தை கொல்லப்பட்டது. ஜோனதன் விச்சர் என்ற துப்பறிவாளர் குழந்தையின் மூத்தாள் மகள் கான்ஸ்டன்ஸ் கென்ட் மீது ஐயம் கொண்டார். அவளுடைய இரவு உடைகளுள் ஒன்று காணாமற்போயிருந்தது. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. விச்சரை ஊரே தூற்றிற்று. ஐந்தாண்டுகள் கழித்து அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். காலின்ஸ் தம் கதையிலும் ஓர் இரவு உடையை மறைத்து வைத்தார்; ஆனால் கடற்கரைப் புதைமணலிலிருந்து அதை மீட்டும் தந்துவிட்டார். வரலாற்றில் தொலைந்த தடயம் புதினத்தில் கிடைத்துவிடுகிறது. அடையாற்று வழக்கில் தொலைந்தவை கடைசிவரை கிடைக்கவே இல்லை.

ஒல்காட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் 1882இல் அடையாற்றில் சபையின் தலைமையகத்தை அமைத்தனர். மாடியில் அம்மையாரின் படுக்கையறையை ஒட்டிய அறையில், சுவரோடு சேர்ந்து ஒரு மர அலமாரி இருந்தது. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்களின் கடிதங்கள் அதனுள் தோன்றுவதாகச் சபையினர் நம்பினர். 1883இல் உதகையிலிருந்து வந்த ஜெனரல் மார்கனுக்காக, வீட்டு நிருவாகம் பார்த்த எம்மா கூலம் அதன் கதவைத் திறந்தார். உள்ளிருந்த பீங்கான் தட்டு கீழே விழுந்து நொறுங்கியது. துண்டுகளைத் துணியில் கட்டி உள்ளே வைத்துக் கதவை மூடினர். சில நிமிடங்களில் திறந்தபோது தட்டு முழுதாக இருந்தது.

அடுத்த ஆண்டு கூலம் தம்பதியர் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அம்மையார் தமக்கு எழுதியவை என்று எம்மா கொடுத்த கடிதங்களை, 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் இதழ் வெளியிட்டது. அற்புதங்களை எவ்வாறு நடத்த வேண்டும் என்ற குறிப்புகள் அவற்றில் இருந்தன. கடிதங்கள் போலி என்றார் அம்மையார். அமானுஷ்ய நிகழ்ச்சிகளை ஆராய லண்டனில் நிறுவப்பட்டிருந்த கழகம், ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை அனுப்பியது. டிசம்பரில் அவர் அடையாறு வந்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் அச்சில் தோன்ற இன்னும் மூன்றாண்டு இருந்தது.

ஹாட்ஜ்சன் வேலை செய்த முறை எந்தப் புதினத்துக்கும் குறைந்ததன்று. சுவரை அளந்தார், சாட்சிகளைத் தனித்தனியே வினவினார், பிராட்வே கடை ஒன்றில் விசாரித்து, எம்மா அதே வகைத் தட்டுகளை வாங்கியிருந்ததை அறிந்தார். ஒன்று உடைய, மற்றொன்று பின்புறமாக உள்ளே வந்தது என்பது எம்மாவின் வாக்குமூலம். அவருடைய அறிக்கையில் மிக வலுவான பகுதி இதுவே. ஆனால் அலமாரியை அவர் பார்க்கவில்லை. அவர் வருமுன்பே சபையினர் சிலர் அதை எரித்துவிட்டிருந்தனர். சுவரின் நகரும் பலகைகளோ, தச்சு வேலை அறிந்த கூலம், அம்மையார் ஐரோப்பா சென்றிருந்த சமயத்தில் செய்தவை என்பது சபையின் வாதம். கையெழுத்துக்கும் அதே கதி. மகாத்மா கடிதங்கள் அம்மையார் எழுதியவை அல்ல என்று முதலிற் கூறிய லண்டன் வல்லுநர், கூடுதல் மாதிரிகளைக் கண்டபின் கருத்தை மாற்றினார். பெர்லின் வல்லுநர் ஒருவர் நேர்மாறாகச் சொன்னார்.

1885 டிசம்பரில் வெளியான அறிக்கை அம்மையாரை வரலாற்றின் கைதேர்ந்த ஏமாற்றுக்காரர்களுள் ஒருவர் என முடிவு கட்டியது. இத்தனை பெரிய மோசடிக்கு ஒரு நோக்கம் வேண்டுமல்லவா? ருசிய அரசின் நலனுக்காக உழைத்தவராக இருக்கலாம் என்று ஊகித்தது. இங்கே ஆய்வாளர் பின்வாங்கிப் புதின வாசகர் முன்வருகிறார். நோக்கமில்லாக் குற்றத்தைக் கதை தாங்காது, வரலாறு தாங்கும்.

ஒல்காட்டைப் பற்றிய தீர்ப்பு இன்னும் கசப்பானது. அவர் நேர்மையானவர், ஆனால் எளிதில் நம்புபவர், கண்டதைச் சரியாகக் காணாதவர் என்றார் ஹாட்ஜ்சன். லிங்கன் வழக்கை விசாரித்தவர் தம் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை என்பது அதன் பொருள். வழக்குமன்றம் செல்ல அம்மையார் துடித்தபோது, அதைத் தடுத்ததும் ஒல்காட் தலைமையிலான சபையே. குறுக்கு விசாரணை நடக்கவில்லை. 1885இல் சென்னையை விட்டுச் சென்ற அம்மையார் திரும்பவே இல்லை. 1891இல் லண்டனில் இறந்தார்.

ஊரூர்ப் பள்ளி திறந்த அதே 1894இல், பண்டித நடேச சாஸ்திரியாரின் ‘தானவன்’ வெளிவந்து தமிழில் துப்பறியும் கதைக்கு வழி திறந்தது. சாஸ்திரியார் தொல்லியல் துறையில் பணியாற்றியவர். கல்வெட்டின் சிதைந்த எழுத்தோடு பழகியவர் கையில் இவ்வகை தொடங்கியது நமக்கு நேர்ந்த நல்லூழ். பின்னர் ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனும் வடுவூரார் படைத்த திகம்பர சாமியாரும் வாசகரைத் தூங்கவிடாது செய்தனர்.

ஒல்காட் 1907இல் அடையாற்றில் மறைந்தார். வழக்கு மறையவில்லை. போலி ஆவணங்களை ஆராய்வதில் தேர்ந்த வெர்னான் ஹாரிசன் 1986இல், ஹாட்ஜ்சனை அனுப்பிய அதே கழகத்தின் இதழில் அவ்வறிக்கையை மறு ஆய்வு செய்தார். அற்புதங்கள் மெய் என்று அவர் கூறவில்லை. அறிக்கை ஒருதலைப்பட்சமானது, அம்மையார் மீதான குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றார். மகாத்மா கடிதங்களை அவரால் லண்டனில் நேரிற் காண முடிந்தது. எம்மா கூலம் கொடுத்த கடிதங்களின் மூலங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை.