நாம் குடியிருந்த தெருக்களும் நாம் சொல்ல வேண்டியவையும்

(பொன்விழாக் கருத்தரங்கில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சங்கத்தின் ஐம்பதாண்டுச் சேவையைப் பேச இம்மேடையில் பலர் இருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது வேறு விஷயம். இந்த நகரம் திட்டமிடப்படும்போது நம் சொல்லுக்கு அங்கே என்ன இடம்?

தஞ்சோங் பகாரிலிருந்து தொடங்குவோம். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து நம் முன்னோர் துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். ஆண்கள் துறைமுக வேலைக்குப் போனார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941இல் தோன்றிய கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கியது. பின்னர் 1966இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது, அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, ஒரே தெருவில் இருந்த உறவுகள் தீவெங்கும் பிரிந்து குடியேறின. 1982இல் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியை நாடிய ஓட்டமே அதற்கு முதற்காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கும் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

போன வீடுகளில் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தன. ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது சிறிய வசதியல்ல. புதிய நகர்களில் பள்ளிவாசல் கட்ட 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியது. மாதம் ஐம்பது காசு என்று சம்பளத்திலிருந்து கொடுத்தே முஸ்லிம்கள் அதை வளர்த்தார்கள். அதில் முதலில் எழுந்த தோ பாயோ பள்ளிவாசலுக்கு முஹாஜிரீன், அதாவது புலம்பெயர்ந்தோர் என்று பெயர். அந்தக் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

நம் பழைய கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, அல்ஹம்துலில்லாஹ். ஜாமிஆ சூலியா பள்ளி, அல் அப்ரார் பள்ளி, நாகூர் தர்கா மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாயின. டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளி 1979இல் சேர்ந்தது. 1989இல் லிட்டில் இந்தியாவே பாதுகாப்புப் பகுதியானது. ஆனால் அந்த விதிகள் ஓட்டையும் சன்னலையும் ஐந்தடிப் பாதையையும் காக்கின்றன. உள்ளே மளிகைக் கடை இருக்குமா, விடுதி இருக்குமா என்பதை வாடகைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 1947 முதல் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001இல் முற்றாக நீங்கிவிட்டது. ஜும்ஆ தொழுதுவிட்டுத் தேக்காவில் ஆட்டிறைச்சி வாங்கிப்போகும் பழக்கம் எந்த வரைபடத்திலும் இல்லை.

டன்லப் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் ரோச்சோர் சென்டர் இருந்தது. வடக்கு தெற்கு விரைவுப் பாதைக்காக அது இடிக்கப்படும் என 2011இல் அறிவிப்பு வந்தது. 567 குடும்பங்கள் வெளியேறின. அவர்களுக்குக் காலாங்கில் மாற்று வீடு தரப்பட்டது, உண்மைதான். என்றாலும் பயணம் சுருங்குவது வடக்கே இருப்பவர்களுக்கு, இடம் விட்டவர்கள் ரோச்சோர்க்காரர்கள். சுற்றுச்சூழல் நீதி என்று இன்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் அடிப்படைக் கேள்வி இதுதான்: நன்மை யாருக்கு, இரைச்சலும் தூசியும் இடப்பெயர்வும் யாருக்கு?

சொன்னால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அங் மோ கியோவைக் காட்டலாம். 2022 ஏப்ரலில் அவென்யூ 3இல் 606 வீடுகள் மறுமேம்பாட்டுக்கு அறிவிக்கப்பட்டன. அதே அளவிலான புதிய வீட்டுக்கே கையிலிருந்து பணம் போட வேண்டியிருக்கும் என்று முதியவர்கள் முறையிட்டார்கள். ஜூலையில் ஐம்பதாண்டுக் குத்தகை வீடும் ஒரு தெரிவாக வந்தது. மூன்று மாதம்தான் ஆனது. இடிப்பு நிற்கவில்லை, ஆனால் சுமை குறைந்தது.

தேக்கா சந்தையை ஒட்டிய வீவக வீடுகள் 1980களின் தொடக்கத்தில் எழுந்தவை. 2050களில் அவற்றுக்கு எழுபது வயது. அந்த வயதை எட்டும் வீடுகளுக்காக 2018இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் குடியிருப்பாளர்கள் வாக்களிப்பார்கள். நம் பேரப்பிள்ளைகள் வாக்களிக்கப்போகும் விஷயம் அது. அதற்கு முன்பே பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு வருகிறது. கடைசியாக 2025 ஜூனில் வரைவு காட்சிக்கு வைக்கப்பட்டது. எவரும் கருத்து எழுதலாம்.

எழுதும்போது "எங்கள் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை எத்தனை பேர் பள்ளிக்கு வெளியே வெயிலில் நிற்கிறார்கள், நோன்புக் கஞ்சிக்கு வரிசை எங்கிருந்து எங்கே நீள்கிறது, எண்பது வயதுப் பெரியவர் பேருந்து நிறுத்தத்திலிருந்து எத்தனை படி ஏறுகிறார் என்று எழுதுங்கள். திட்டமிடுபவர்களுக்கு இவை தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

இந்தக் கணக்கெடுப்பை வரும் மாதம் முதல் நம் இளைஞர் அணி தொடங்குகிறது, இன்ஷா அல்லாஹ். ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மேசை போட்டிருப்பார்கள். தமிழில் சொன்னால் போதும், ஆங்கிலத்தில் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். பெண்களிடம் கேட்கச் சகோதரிகள் தனியாக வருவார்கள். கடை வைத்திருப்பவர்கள் வாடகை விவரத்தையும் சொன்னால் உதவியாக இருக்கும். பெயர் வெளியே வராது.