லயத்துக் கோழி



திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவுக்கு மேலே, அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்கும் இடம் போனக்காடு. தேயிலைத் தோட்டம் முடங்கிப்போன ஊர். இப்படிக் கூலி நின்றுபோன ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளில், குழந்தைகளுக்குக் கறிச்சோறு போடக் கைக்காசு வேண்டாத வழி வாசலில் மேயும் நாட்டுக்கோழிதான்.

வளர்ப்பது போலவே அறுப்பதையும் பொறுப்போடு செய்ய வேண்டும். முதல்நாள் சாயங்காலத்தோடு தீனியை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் வையுங்கள். குடல் காலியாக இருந்தால் கறி அசுத்தமாகாது. கத்தி நன்றாகத் தீட்டியதாக இருக்கட்டும். மழுங்கிய கத்தியால் ஓர் உயிரை வதைப்பது பாவம். ரத்தம் முழுக்க வடியட்டும். தளதளவென்று கொதிக்கிற நீரில் முக்கினால் தோல் கிழியும். கொதி வருவதற்கு முன்பே இறக்கிய வெந்நீர் போதும். இறகு பிடுங்கி, மஞ்சள் தடவித் தீயில் வாட்டுங்கள். ஈரலோடு ஒட்டிய பித்தப்பை உடைந்தால் கறியே கசந்துவிடும். குடலையும் இறகையும் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். காட்டை ஒட்டிய வீடுகளில் அந்த வாடை மரநாயை மட்டுமல்ல, சிறுத்தையையும் வாசலுக்குக் கூட்டிவரும்.

ஆனால் கத்தி வரை வராமலே எத்தனை கோழிகள் செத்துப்போகின்றன! பருந்தும் கீரியும் ஒன்றிரண்டைத்தான் தூக்கும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூடே காலி. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட நோய் இது. நம் நாட்டில் ராணிகேத் என்ற மலையூரின் பெயரால் வழங்குகிறது. மலையாளத்தில் கோழிவசந்த என்பார்கள். பச்சையாகவும் வெள்ளையாகவும் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் மருந்து இல்லை. முன்கூட்டியே தடுப்பூசி உண்டு: குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி.

பிறகு ஏன் நம் வீடுகளில் போடுவதில்லை? ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கும் மேல் வரும். ஐஸில் வைத்தே கொண்டுவர வேண்டும்; கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுமுடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. லயம் முழுவதும் சேர்ந்தால் ஆகும். எல்லா வீட்டுக் கோழிகளையும் எண்ணி, ஒரு தேதி குறித்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் இந்த வாரமே சொல்லிவையுங்கள். தடுப்பூசி நாளன்று விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிடாமல் கூட்டிலேயே வைத்திருங்கள்.