தம்பியும் சேட்டனும்

விழிஞ்ஞம் கடற்கரையில் மலையாளத்திலும் தமிழிலும் ஓர் அறிவிப்புப் பலகை நிறுத்துவதாயின் எவ்வெழுத்துருவை நாடுவது? மும்பையின் ‘ஏக் டைப்’ குழுவினர் 2016இல் வெளியிட்ட ‘பலூ’ என் நினைவுக்கு வருகிறது. தடித்தது, முனை உருண்டது, கட்டணமற்றது. கிப்ளிங் கதையின் கரடிக்கும் இப்பெயரே. தமிழ் வடிவம் ‘பலூ தம்பி’, மலையாள வடிவம் ‘பலூ சேட்டன்’. தம்பியும் தமையனும் ஒரே பலகையில் நிற்கலாமன்றோ!

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கோ ஓர் அச்சம். தடித்த எழுத்தைச் சிறிதாக எழுதினால் சுழிகள் அடைபடும். மூன்று சுழி ‘ண’ இரண்டு சுழி ‘ன’வாகத் தோன்றும். ‘பணி நடைபெறுகிறது’ என்பது பனியாகும். விழிஞ்ஞத்தில் ஏது பனி?

ஆகவே, தலைப்புக்கே அத்தடித்த எழுத்து. கடல் எச்சரிக்கையின் நீண்ட வாசகத்துக்குப் பின்னர் வந்த ‘பலூ 2’இன் ஐந்து தடிப்புகளுள் மெலிந்ததைக் கொள்ளலாம். வள்ளம் இறக்குமுன், அரையிருளில், மீனவர் அதைப் படித்தாக வேண்டும்.