கணிப்பொறிக்கு எவ்வளவு நினைவகம் தேவை?

(புள்ளிவிவரப் பிரிவு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கணிப்பொறி வாங்குவதற்கான கோப்பு நம் மேசைக்கு வரும்போது, நினைவகம் என்ற வரியில் ஓர் எண் முன்னரே இடம் பெற்றிருக்கும். அது எவ்வாறு வந்தது என்று கேட்பவர் அரிது. பெரும்பாலும் அது முந்தைய கொள்முதலின் எண். அல்லது அதன் இரு மடங்கு. உண்மையில் அந்த எண்ணைக் கணக்கிட்டே அறியலாம்.

நான் குறிப்பிடுவது, வேலை நடைபெறும் வேளையில் தரவுகள் தங்கியிருக்கும் நினைவகம். கோப்புகளை நிலையாகச் சேமிக்கும் வட்டு வேறு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் 2,61,746 குடும்பங்களிடம் விவரம் திரட்டப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு 400 எண்கள், எண் ஒன்றுக்கு 8 பைட் என்று கொள்வோம். பெருக்கினால் ஏறத்தாழ 84 கோடி பைட். ஒரு கிகாபைட்டுக்கும் குறைவு! நாடு தழுவிய ஆய்வுக்கு இவ்வளவுதானா என்று நீங்கள் வியக்கலாம். ஆனால் தரவுகளை வரிசைப்படுத்தும்போதும், இரு கோப்புகளை இணைக்கும்போதும், மென்பொருள் இடையிடையே நகல்களை உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே மூன்று மடங்கு ஒதுக்குவது என் வழக்கம். அது இரண்டரை கிகாபைட். இயக்க முறைமைக்கும், திறந்தே கிடக்கும் பிற செயலிகளுக்கும் ஐந்தாறு கிகாபைட் சேருங்கள். 8 கிகாபைட் நெருக்கடி, 16 தாராளம். 64 வேண்டும் என்பவர் இத்தகைய கணக்கு ஒன்றைக் கோப்பில் இணைக்கட்டும்.

பொருளாதாரம் பயின்றவர்களுக்கு இறுதிநிலைப் பயன்பாடு நினைவுக்கு வரும். இங்கு அது படிப்படியாகக் குறைவதில்லை. தேவை நிறைவடையும் வரை மிக உயர்ந்திருந்து, அதன்பின் ஏறக்குறைய சுழியமாகிவிடுகிறது. நினைவகம் போதாதபோது கணிப்பொறி வட்டிலிருந்து இடத்தைக் கடன் வாங்குகிறது. திண்மநிலை வட்டும்கூட நினைவகத்தைவிடப் பன்னூறு மடங்கு தாமதமானது. பத்து நிமிடத்தில் முடியவேண்டிய அட்டவணை மாலை வரை நீள்வது இதனால்தான். மிகையாக வாங்கியதன் செலவு பட்டியலில் தெரிந்துவிடும். அலுவலர் காத்திருந்த மணிகளோ எந்தத் தணிக்கையிலும் தென்படுவதில்லை.

கடிதம் தட்டச்சு செய்யும் பிரிவுக்கும் தரவுகளை ஆராயும் பிரிவுக்கும் ஒரே வகைப் பொறியை வழங்குவதைச் சமத்துவம் என்று சிலர் கருதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பிரிவில் நினைவகம் வெறுமையாய்க் கிடக்கும். மற்றதில் வேலை தேங்கும்.

வாங்குமுன், இப்போதுள்ள பொறியில் வேலை மிகுந்த நாளின் உச்சப் பயன்பாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், சராசரி உதவாது. பின்னர் கூட்டிக்கொள்ள வசதியாக ஒரு செருகிடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மெல்லிய பொறிகளில் இதற்கு வழியில்லை. அவற்றுக்கு மட்டும், சில ஆண்டுகளின் வளர்ச்சியைக் கருதி முன்கூட்டியே சற்று மிகையாக வாங்குவது பொருந்தும்.