ஆளில்லாத பூமி என்றொரு கதை

(மாணவர் – வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் 'மேற்கு நோக்கிய விரிவாக்கம்' பற்றிய வெகுசன வரலாறுகளைக் குறித்துப் பேசச் சொன்னார்கள். நம்மில் பலருக்கு இந்த வரலாறு புத்தகமாக வரவில்லை. சிவகாசி காமிக்ஸாக வந்தது. கௌபாய்க்குப் பேர் உண்டு, குதிரைக்கும்கூடப் பேர் உண்டு. 'செவ்விந்தியர்' பெரும்பாலும் கூட்டமாய் வந்து, பேரில்லாமல் சாவார்கள். படிக்கிறவனைச் சுடுகிறவன் பக்கம் நிற்க வைப்பதுதான் அந்தக் கதையின் வேலை.

இந்தக் கதையின் இரண்டு வடிவங்களை ஒரே ஊரில், ஒரே வருஷத்தில் பார்க்கலாம். 1893, சிகாகோ. கொலம்பஸ் வந்து நானூறு ஆண்டு ஆனதற்கு உலகக் கண்காட்சி. அங்கே கூடிய வரலாற்றாசிரியர்கள் முன்னால் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் ஒரு கட்டுரை படித்தார். மேற்கே சும்மா கிடந்த நிலம்தான் அமெரிக்கனை அமெரிக்கனாக்கியது, ஜனநாயகத்தை வளர்த்தது என்பது அவர் வாதம். கண்காட்சித் திடலுக்குப் பக்கத்திலேயே 'பஃபலோ பில்' தன் வைல்ட் வெஸ்ட் காட்சியை நடத்திக்கொண்டிருந்தார். அதில் இந்தியர்கள் வண்டியைத் தாக்குவார்கள், குடிசையைத் தாக்குவார்கள். வெள்ளையர் பாவம், தற்காத்துக்கொள்வார்கள். ரிச்சர்ட் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர் இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியிருக்கிறார். பேராசிரியர் கதையில் நிலத்தில் ஆளே இல்லை. காட்சிக்காரர் கதையில் ஆள் உண்டு, ஆனால் அவன்தான் வம்புக்கு வருகிறவன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண். பலன் மட்டும் ஒண்ணு: ஆக்கிரமித்தவன் கையில் ரத்தம் இல்லை.

பேங்க்கில் பேரேடு எழுதுகிற எனக்கு இதில் துப்பாக்கியைவிடக் காகிதம்தான் அதிகம் உறுத்துகிறது. 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறிக்கு 160 ஏக்கர் கொடுத்தது. யார் நிலத்தை? 1887 டாஸ் சட்டம், பூர்வகுடிகள் பொதுவில் வைத்திருந்த நிலத்தைத் தனித்தனிப் பங்காக வெட்டியது. வெட்டியது போக 'மிச்சம்' வெள்ளையருக்குப் போனது. பங்காய்க் கிடைத்ததும் வரியிலும் விற்பனையிலும் கை மாறியது. 1887-ல் அவர்களிடம் சுமார் 13.8 கோடி ஏக்கர். 1934-ல் சுமார் 4.8 கோடி. ஒன்பது கோடி ஏக்கர் கழிவு. துப்பாக்கிச் சண்டைக்கு ஆயிரம் சினிமா உண்டு. இந்தப் பத்திரப்பதிவுக்கு எத்தனை சினிமா?

லாரா இங்கால்ஸ் வைல்டர் எழுதிய 'புல்வெளியில் ஒரு சின்ன வீடு' 1935-ல் வந்த குழந்தைகள் புத்தகம். ஓசேஜ் மக்களின் நிலத்தில் அனுமதியின்றிக் குடியேறிய வெள்ளைக் குடும்பத்தின் கதை. இந்தியர்களை 'மனிதர்கள்' என்ற கணக்கிலேயே சேர்க்காத ஒரு வரி அதில் இருந்தது. 1950களில் ஒரு வாசகர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிய பிறகுதான், 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறிகள்' என்று மாறியது. இடைப்பட்ட பதினெட்டு வருஷம் அந்த வரி யார் கண்ணையும் குத்தியதாகத் தெரியவில்லை. பொதுப்புத்தி என்பது இதுதான் தோழர்களே. திட்டிக்கூட எழுதவில்லை. கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து, 1866-ல் கறுப்பினத்தவரைக் கொண்டு ராணுவப் படைப்பிரிவுகள் அமைத்தார்கள். நேற்றுவரை அடிமையாக இருந்தவர்களும் அதில் உண்டு. அவர்களை அனுப்பியது பூர்வகுடிகளோடு சண்டை போட. மிதிபட்டவன் கையில் துப்பாக்கி கொடுத்து மிதிபடுகிறவன் பக்கம் திருப்புகிற வித்தை. இது நமக்குப் புதுசா என்ன?

சரி, எதிர் வரலாறு இல்லையா? உண்டு. 1970-ல் டீ பிரவுன் எழுதிய புத்தகம், 'வூண்டட் நீயில் என் இதயத்தைப் புதையுங்கள்'. வெள்ளைக்கார நூலகர் ஒருவர் பூர்வகுடித் தலைவர்களின் பேச்சுகளைத் தேடி எடுத்து, கதையைத் திருப்பிப் போட்டார். லட்சக்கணக்கில் விற்றது. பெரிய காரியம். ஆனாலும் 1890 டிசம்பர் 29-ல், பெண்களும் குழந்தைகளுமாக இருநூற்றைம்பது லக்கோட்டா மக்களுக்கு மேல் கொல்லப்பட்ட வூண்டட் நீயில் புத்தகம் முடிந்துவிடுகிறது. வாசகன் அழுதுவிட்டு மூடி வைக்கிறான். அவனைப் பொறுத்தவரை அந்த மக்கள் முடிந்துபோனார்கள். ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த டேவிட் ட்ரூயர் 2019-ல் இதற்குப் பதிலாகவே ஒரு புத்தகம் எழுதினார். அது 1890-க்குப் பிறகான வாழ்க்கையின் வரலாறு. 2020 மக்கள்தொகைக் கணக்கில், பிற இனக் கலப்புள்ளவர்களையும் சேர்த்து, தங்களைப் பூர்வகுடி என்று பதிந்தவர்கள் சுமார் 97 லட்சம்.

வெறுப்பு வரலாறு 'நீ மனுஷன் இல்லை' என்கிறது. இரக்க வரலாறு 'நீ செத்துட்டே' என்கிறது. நம்மைப் பற்றிக் கண்ணீர் விட்டு எழுதுகிறவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: உன் கதை எங்கே முடிகிறது?

பிளாக் ஹில்ஸ் மலை லக்கோட்டா மக்களுக்கு என்று 1868-ல் ஒப்பந்தம் போட்டது அமெரிக்க அரசு. 1874-ல் அங்கே தங்கம் தெரிந்தது. 1877-ல் மலை பறிக்கப்பட்டது. 1980-ல் உச்சநீதிமன்றமே அது தவறு என்று சொல்லி, பத்துக் கோடி டாலருக்கு மேல் நட்டஈட்டை உறுதிசெய்தது. அவங்க வாங்கலை. வட்டியோடு சேர்ந்து அது நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நாட்டிலேயே மிக ஏழ்மையான பகுதிகளில் வாழ்கிறவர்கள் இன்னும் வாங்கலை. மலை விற்பனைக்கு இல்லை என்கிறார்கள். வாங்கினால் கணக்கு முடிந்தது என்று எழுதிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எந்த வரலாற்றைப் படித்தாலும் வினைச்சொல்லைப் பாருங்கள். 'நிலம் திறந்துவிடப்பட்டது', 'மேற்கு விரிந்தது' என்று எழுதியிருப்பான். எழுவாய் எங்கே என்று தேடுங்கள். திறந்தது யார், அதற்கு முன்னால் அங்கே இருந்தது யார் என்று எழுதிச் சேருங்கள்.

ஜெய்பீம்.